காளியின் கையும் சேந்தன் அமுதனின் மாலையும்



1939ஆம் ஆண்டு ஆனந்த விகடன் வாசகர்களுக்கு ஒரு விசித்திரமான வாய்ப்பு கிடைத்தது. கல்கியின் ‘தியாக பூமி’ அந்த இதழில் வாராவாரம் தொடராக வந்துகொண்டிருந்தது. அதே கதையை இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதே சமயத்தில் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியங்களுக்குப் பதிலாகப் படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களை அச்சிட்டார்கள். சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன். சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமி. வாசகர் தம் மனத்தில் ஒரு முகத்தை வரைந்து முடிப்பதற்குள் நடிகரின் முகம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே, “சாவித்திரி இப்படியா இருப்பாள்?” என்று சண்டை பிடிக்க யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. சண்டைக்கு வந்தது பிரிட்டிஷ் அரசுதான். சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் நின்றதற்காகப் படத்தைத் தடைசெய்தது.

அந்த இணக்கம் தமிழில் அதிகம் தொடரவில்லை. பிறகு வந்தவை பெரும்பாலும் வேறு வகை. முதலில் நாவல் வரும். பல ஆண்டுகள், சில சமயம் பல தலைமுறைகள், வாசகர்கள் அதோடு வாழ்ந்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் படம் வரும். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது பாதிப் பேர் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: அந்தக் காட்சி இல்லை, இந்தப் பாத்திரம் இல்லை, முடிவை மாற்றிவிட்டார்கள். இந்தப் பட்டியலை இளக்காரமாகப் பார்ப்பது தவறு. ஒரு புத்தகத்தை அவ்வளவு நேசித்தவர்களால்தான் அப்படியொரு பட்டியலைப் போட முடியும்.

ஆனால் அந்தப் பட்டியல் ஏமாற்றத்தின் காரணத்தைச் சரியாகச் சொல்வதில்லை. நாவலில் பாதியைத் தூக்கி எறிந்த படங்களை இதே வாசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். வரிக்கு வரி உண்மையாக இருந்த படங்களை அலுப்போடு மறந்திருக்கிறார்கள். பிரியமான ஒவ்வொரு நாவலிலும் கதை முழுவதையும் தாங்கும் ஒரு முடிச்சு உண்டு. அது பெரும்பாலும் இரண்டு பேருக்கு இடையிலான உறவு, அல்லது ஒரு மனிதர் செய்யும் ஒரே ஒரு காரியம். அந்த முடிச்சைப் படம் கண்டுகொண்டதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதைத் தமிழில் எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர் இயக்குநர் மகேந்திரன்.

அவர் அதைக் கற்ற விதமும் சுவையானது. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, அங்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையில் தமிழ்ப் படங்களைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளாமல் பாராட்டினார். பின்னர் அவர் சட்டம் படிக்கச் சென்னை வந்தபோது எம்.ஜி.ஆர். அவரிடம் ஒப்படைத்த வேலை என்ன தெரியுமா? ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களுக்கும் திரைக்கதை எழுதுவது. அந்தப் படம் வரவில்லை. தமிழின் ஆகப்பெரிய தொடர்கதையைத் திரைக்குள் அடக்கும் பாட்டை வாலிபத்திலேயே பட்டவர், பிறகு இயக்குநராக வந்தபோது நாவலை அடக்க முயலவே இல்லை. அதிலிருந்து ஒரு மனிதனை மட்டும் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1966இல் கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றது. மலைப்பகுதி மின் நிலையத்தில் விஞ்ச் இயக்கும் காளி; அவன் உயிராக வளர்க்கும் தங்கை வள்ளி; புதிதாக வரும் இன்ஜினியர் குமரன். நாவலில் காளியின் கை புலியால் போகிறது. 1978இல் வந்த படத்தில் ஒரு லாரி அவன் கை மேல் ஏறுகிறது. நாவலின் திருப்புமுனையே மாறிப்போன இடம் இது. ஆனாலும் நாவலைப் படித்தவர்கள் புலி எங்கே என்று கேட்கவில்லை.

அந்த மாற்றம் வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. கை புலியிடம் போனால் அது விதி, அல்லது வீரம். குமரன் கொடுத்த தற்காலிக வேலைநீக்கத்தின் ஆத்திரத்தில், குடிபோதையில், சாலையில் விழுந்து கிடந்து கையை இழந்தால் அந்த இழப்பில் காளிக்கே பங்கு வந்துவிடுகிறது. அவனுடைய அகங்காரமும் அவனுடைய ஊனமும் ஒரே இடத்தில் கலக்கின்றன. அதற்கப்புறம் குமரன்மேல் அவன் வளர்க்கும் வெறுப்புக்கு நியாயமும் இருக்கிறது, நியாயமில்லாமலும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு மனிதனாக ரஜினிகாந்த் அதற்குமுன் நடித்ததில்லை.

கடைசிக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் குமரனோடு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் வள்ளி. கூடவே ஊரும் போகிறது. வழியில் காளி நிற்கிறான். சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. அவள் கூட்டத்தை விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். ஊரை விட, காதலனை விடத் தன் தங்கைக்குத் தான்தான் பெரிது என்று தெரிந்த கணமே அவன் மனம் நிறைந்துவிடுகிறது. அவனே அவளை அழைத்துக்கொண்டுபோய்க் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும், குமரனை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் காளி திருந்திய வில்லனாகச் சுருங்கியிருப்பான். படத்தில் வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் கலங்கிப்போனதை மகேந்திரன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வசனம் குறைந்ததால்தான் அந்த ஒன்று இவ்வளவு காலம் காதில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. அடிப்படை புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் திகைத்துப்போவார். புதுமைப்பித்தனின் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். மகேந்திரனின் சுந்தரவடிவேலு ஊரையே ஆட்டிப்படைக்கும், மனைவியைச் சிறுகச் சிறுக வதைக்கும் மனிதன். ஊர் வேறு, சம்பவங்கள் வேறு, முடிவு வேறு. தாயில்லாத பிள்ளைகள் புதிதாக வந்தவளைப் பார்க்கும் அந்தப் பார்வை ஒன்றுதான் மிச்சம். மகேந்திரன் அந்தப் பார்வையிலிருந்து பின்னோக்கி நடந்து, அந்தப் பிள்ளைகள் எப்படித் தாயை இழந்தார்கள் என்று கேட்டு, ஒரு முழுக் கதையையே கட்டினார். புதுமைப்பித்தனைச் சிதைத்துவிட்டார் என்று சொன்னவர்கள் அதிகம் இல்லை. நன்றி சொல்லிப் பெயர் போட்டு, தன் வழியில் போன படம் அது. தமிழ்த் திரையின் தலைசிறந்த தழுவல் எது என்ற கேள்விக்கு இந்த மேடையில் தரப்படும் பதில் ‘உதிரிப்பூக்கள்’தான்.

அப்படியானால் நாவலை விட்டு விலகுவதுதான் வழியா என்றால், அதுவும் இல்லை. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ வாரக்கணக்கில் வீட்டுக்கு வீடு காத்திருந்து படித்த கதை. கோபுலுவின் கோடுகளில் சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் வைத்தியும் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தார்கள். 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது கதையின் கிளைகளைக் கழித்தார். அடிமரத்தை அப்படியே வைத்துக்கொண்டார். வித்தைக் கர்வம் கொண்ட இரண்டு கலைஞர்கள், ஒருவரையொருவர் ஜெயித்தால்தான் ஒருவரையொருவர் அடைய முடியும் என்பதே அந்த அடிமரம்.

இங்கே படத்துக்கு ஓர் அனுகூலமும் இருந்தது. நாதஸ்வரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் தாளிலிருந்து ஒரு பிடி சத்தம் வராது. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு திரையில் கிளம்பியபோது வாசகர்கள் அத்தனை வாரம் கற்பனையில் மட்டுமே கேட்டது காதில் விழுந்தது. சிவாஜியின் உப்பும் கன்னம், கழுத்து நரம்பு, துளைகளில் அலையும் விரல் ஆகிய மூன்றும் அந்த ஒலியோடு இம்மி பிசகாமல் சேர்ந்தன. தவிலோடு டி.எஸ். பாலையா, வஞ்சகத்தைச் சிரிப்பாக்கிய நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. இன்றைக்கு நாவலை முதல்முறையாகப் படிப்பவர்களுக்கு வைத்தியின் குரல் நாகேஷின் குரலாகத்தான் கேட்கிறது.

இசையைச் சுற்றி எழுந்த இன்னொரு நாவலுக்கு இந்த அதிர்ஷ்டம் முழுதாக வாய்க்கவில்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை 1995இல் ஞான ராஜசேகரன் படமாக்கினார். அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருதை அது பெற்றது. அக்கறையோடும் நேர்மையோடும் எடுத்த படம். இளையராஜாவின் இசை இருந்தது. இசை ஆசான் ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு திண்ணையில் உட்கார்ந்த மாத்திரத்திலேயே கும்பகோணம் வந்துவிட்டது. நாவலில் நாயகி யமுனாவின் தாய் தஞ்சை மராட்டியக் குடும்பத்தவர். யமுனா வேடத்துக்கு அர்ச்சனா ஜோக்லேகர் என்ற மராட்டிய நடிகையையே தேடிக் கொண்டுவந்தார்கள். குறை சொல்ல முடியாத தேர்வு.

இருந்தும் ‘மோகமுள்’ பித்தர்கள் பலர் திருப்தியடையவில்லை. காரணம் நடிப்பிலோ ஒளிப்பதிவிலோ இல்லை. அந்த நாவலின் முடிச்சு காலம். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாமேல் நாயகன் பாபுவுக்கு எழும் ஆசை, பக்தியாகவும் குற்றவுணர்வாகவும் சங்கீதத்தின் மீது படியும் நிழலாகவும் ஆண்டுக்கணக்கில் உருமாறிக்கொண்டே போகிறது. வாசகர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் பாபுவோடு காவிரிக்கரையில் நடந்து நடந்து அந்தக் காத்திருப்பைத் தானும் காத்திருக்கிறார். அதனால்தான் கடைசியில் யமுனா கேட்கும் கேள்வி அவ்வளவு கனக்கிறது. படத்தில் யமுனா முதல் காட்சியிலேயே முழு உருவமாக வந்து நின்றுவிடுகிறாள். ஆண்டுகள் சில நிமிடங்களில் கழிகின்றன. நடந்தவை எல்லாம் நடக்கின்றன. காத்திருந்த களைப்பு மட்டும் பார்வையாளருக்கு வருவதில்லை. இதை இயக்குநரின் தோல்வி என்று சொல்வது அநியாயம். சில நாவல்கள் இரண்டரை மணி நேரத்துக்குள் வர மறுப்பவை. வாரக்கணக்கில் ஓடும் ஒரு தொடராக, நிதானமாக எடுத்தால் தி.ஜா. இன்னும் நெருக்கமாக வரக்கூடும்.

ஜெயகாந்தன் வழி தனி வழி. தன் எழுத்தைப் பிறர் கையில் விடுவதற்கு முன்பே தானே இயக்கிப் பார்த்தவர் அவர். ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965இல் தேசிய அளவில் பாராட்டைப் பெற்றது, தியேட்டரில் ஓடவில்லை. அடுத்து நாகேஷை வைத்து ‘யாருக்காக அழுதான்’. பிறகு 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில், தன் திரைக்கதையிலேயே, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’.

அந்தக் கதைக்கு ஏற்கெனவே ஒரு தழுவல் நடந்திருந்தது, செய்தவர் ஜெயகாந்தனே. மழையில் ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டுத் திரும்பும் கல்லூரி மாணவியைத் தாய் தலையில் நீர் ஊற்றித் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வது ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை. அது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று கேட்டு எழுதியதுதான் நாவல். தன் கதையின் திசையைத் தானே திருப்பத் துணிந்தவருக்குத் திரைக்கதையில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாவலின் நாயகி கங்காவின் பிடிவாதத்தைக் காப்பாற்றினார். அவளைக் காரில் ஏற்றிச்சென்ற பிரபுவுக்கும் அவளுக்கும் கல்யாணம் செய்துவைத்து ரசிகர்களைச் சந்தோஷமாக அனுப்பும் வேலையைச் செய்யவில்லை. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. படம் முழுக்கப் பேச்சு. மகேந்திரனின் மௌனத்துக்கு நேர் எதிர். ஆனால் கங்கா பேசுகிறவள், வாதாடுகிறவள். அவளைப் பேசாமல் நிறுத்தியிருந்தால்தான் துரோகம்.

அண்மைக் காலத்தில் அதிகம் வாதம் கிளப்பியது வெற்றிமாறனின் ‘அசுரன்’, 2019. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த ஒல்லியான நாவல். ஒரு கொலையைச் செய்துவிட்ட சிறுவன் சிதம்பரமும் அவன் தகப்பனும் காட்டிலும் கரட்டிலும் தலைமறைவாகத் திரியும் சில நாட்கள்தான் அது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் புதரில் படுக்கலாம், எதைப் பறித்துத் தின்னலாம் என்று கரிசல் மண்ணை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போகும் எழுத்து. அறிவுரையோ ஆவேச வசனமோ கிடையாது. தகப்பனும் மகனும் வேட்டைக்குப் போனவர்கள்போலப் பேசிக்கொள்கிறார்கள். அந்தச் சாதாரணத்தில்தான் நாவலின் பயங்கரம் இருக்கிறது.

வெற்றிமாறன் சிவசாமி என்ற தகப்பனுக்கு ஒரு முழு இளமைக் காலத்தைச் சேர்த்தார். பஞ்சமி நிலப் போராட்டம் வந்தது, குடிசைகள் எரிந்தன. ‘வெக்கை’ பக்கத்துக்குப் பக்கம் அடக்கி வைத்த கோபம் திரையில் கொழுந்துவிட்டது. தனுஷுக்குத் தேசிய விருது, பெரும் கூட்டம். நாவலை நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்டு நாட்கள் குறைந்துபோனதில் வருத்தம், அதுவும் நியாயம்தான். ஆயினும் அடிபணிந்து போகும் தகப்பனை மகன் கோழை என்று நினைப்பதும், உண்மை தெரிந்ததும் அவன் கண்கள் மாறுவதும் நாவலின் தகப்பன்–மகன் உறவை வேறு பாதையில் போய்த் தொட்டுவிடுகின்றன. படம் வந்த பிறகு ‘வெக்கை’யைத் தேடி வாங்கிப் படித்த இளைஞர்கள் ஏராளம். வசனத்தை எதிர்பார்த்துத் திறந்தவர்கள் அங்கே கரட்டையும் கிணற்றையும் கண்டார்கள்.

இப்போது பெரிய வழக்குக்கு வருவோம்.

‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் வந்தது. மணிரத்னம் அதை 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு படங்களாக, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் தந்தார். எம்.ஜி.ஆர். முதல் பலர் தொட முயன்று கைவிட்ட கதை அது. இத்தனை ஆண்டுகளில் குந்தவை என்றால் மணியம் வரைந்த கொண்டை, வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த குதிரை என்று வாசகர் மனத்தில் முத்திரை விழுந்துவிட்டது. இவ்வளவு எதிர்பார்ப்புக்கு முன்னால் நிற்கத் துணிந்ததற்கே மணிரத்னத்துக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

பல இடங்களில் அவர் கல்கிக்கு நிகராக நின்றார். நாவலில் நந்தினி–கரிகாலன் இளமைக் காதல் கரிகாலன் வாய்மொழியாகவும் பிறர் பேச்சாகவும் துண்டு துண்டாகத்தான் தெரியவரும். இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் அதைப் பேச்சு குறைத்துக் கண்ணால் காணும்படி வைத்ததும், கடம்பூர் மாளிகையில் விக்ரமையும் ஐஸ்வர்யா ராயையும் நேருக்கு நேர் நிறுத்தியதும் நாவலுக்கே புது ரத்தம் ஏற்றின. அந்த முகங்களின் நெருக்கம் எழுத்தில் கிடைக்காதது.

ஆனால் ஏமாற்றங்களும் உண்டு. முதலாவது, கல்கியின் குரல் இல்லாதது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வரும் வந்தியத்தேவன் எழுபத்துநான்கு கணவாய்களில் தண்ணீர் பாய்வதை வியக்கும் இடத்தில், கூடவே கல்கியும் நடந்து வருகிறார்; வாசகரின் தோளில் கைபோட்டு வரலாறு சொல்கிறார், கேலி செய்கிறார், அத்தியாயக் கடைசியில் ஓர் அதிர்ச்சியை வைத்துவிட்டு அடுத்த வாரம் வா என்கிறார். திரையில் அந்தப் பயணம் ‘பொன்னி நதி’ பாட்டாக மாறியது. அழகான பாட்டு. கார்த்தியின் குறும்பு கல்கியின் குறும்பில் ஒரு பங்கை மீட்டும் தந்தது. மீதியைத் தேடுவது வீண். படத்துக்கு அந்தக் குரல் இயலாது. வந்தியத்தேவனை நேசிக்கும் மணிமேகலை படத்தில் இல்லாததையும் இந்த வகையில் சேர்க்கலாம். அவளுடைய சாவில்தான் நாவல் முடிகிறது என்பதால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவள் இல்லாமலே சோழ நாட்டுக் கதை நடந்துவிடும்.

சேந்தன் அமுதன் விஷயம் அப்படியல்ல. நாவலில் அவன் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்து, தேவாரம் பாடித் திரியும் எளிய பிள்ளை. அவன்தான் முன்னாள் சோழ மன்னர் கண்டராதித்தரின் உண்மையான மகன் என்பது கடைசியில் தெரியவருகிறது. இளவரசர் அருள்மொழிவர்மர், தன் தலைக்கு வரவிருந்த மகுடத்தை முடிசூட்டு விழாவிலேயே அவன் தலையில் வைக்கிறார். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று கல்கி பெயர் வைத்தது இதற்காக. கதை முழுவதையும் தாங்கும் முடிச்சு இதுதான்.

படத்திலும் சேந்தன் அமுதன் வருகிறான், அஸ்வின் நடிக்கிறார். ஆனால் அவன் பூக்காரனாகவே நின்றுவிடுகிறான். மகுடம், அதற்காகச் சதியில் இறங்கி ராஷ்டிரகூடர்களோடும் கைகோத்த மதுராந்தகனுக்குப் போகிறது. கேட்டவனுக்குக் கொடுப்பது ராஜதந்திரமாகவும் இருக்கலாம், பெருந்தன்மையாகவும் இருக்கலாம். கேட்காதவனுக்கு, கனவிலும் நினைக்காதவனுக்கு, எந்தப் படையும் பின்னால் இல்லாதவனுக்கு முறைப்படி அது சேர வேண்டும் என்பதற்காகவே எடுத்துக் கொடுப்பது வேறு. முதலாவதைப் பார்த்துத் தலையாட்டலாம். இரண்டாவதைப் படித்துவிட்டு மூன்று தலைமுறைகள் அழுதிருக்கின்றன. புலியை லாரியாக்கிய மகேந்திரனை மன்னித்த அதே தமிழ் வாசகர், சேந்தன் அமுதனை விட்டுவிட்ட இடத்தில் மனம் ஒப்பாமல் எழுந்து வந்ததற்குக் காரணம் இதுவே. அவர் வரலாற்றுத் துல்லியத்தைக் கேட்கவில்லை, கூடுதல் போர்க்காட்சியையும் கேட்கவில்லை.

முதல் பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு என்று தேசிய விருதுகள் வந்தன. அத்தனையும் தகுதியானவை. கல்கியையே படித்திராத லட்சக்கணக்கானவர்கள் படத்தால் நாவலுக்குள் போனார்கள். அந்த நன்மையை எந்தக் குறையும் மறைக்காது.

அடுத்து ஒரு பெரும் தொடர் திரைக்காகக் காத்திருக்கிறது. சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் வந்தது. ஓவியம் மணியம் செல்வன், அதாவது கல்கிக்கு வரைந்த மணியத்தின் மகன். மறுபடியும் ஒரு தலைமுறை வாசகர்களின் மனத்தில் பாரிக்கு ஒரு முகம் வரைந்தாயிற்று. படமாக்கும் உரிமை தம்மிடம் இருப்பதாக இயக்குநர் ஷங்கர் அறிவித்திருக்கிறார். மூவேந்தர் முற்றுகையும் பெரும்போரும் அவருடைய திறமைக்குத் தீனி போடக்கூடியவை. அந்தப் பகுதியைப் பற்றிக் கவலை இல்லை. வாசகர்கள் வாராவாரம் அந்த இதழைப் பிரித்தது அதற்கு மட்டும் அல்ல. புலவர் கபிலர், வழிகாட்டும் நீலனின் பின்னால் மூச்சு வாங்கப் பறம்பு மலை ஏறுகிறார். ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு கதை கேட்டுக்கொண்டே ஏறுகிறார். வடக்கை நோக்கியே உட்காரும் தேவாங்கு எப்படி ஒரு போருக்குக் காரணமாகிறது என்பது அந்த ஏற்றத்தில்தான் புரியத் தொடங்குகிறது. திரைக்கதை எழுதுபவர் அந்த மலையேற்றத்தை ஐந்து நிமிடப் பாட்டாக்கப் போகிறாரா, கபிலரின் வேகத்திலேயே நம்மையும் ஏறவிடப் போகிறாரா என்பதைத்தான் ‘வேள்பாரி’யின் வாசகர்கள் முதல் நாள் முதல் காட்சியில் பார்ப்பார்கள்.